வாழ்நாளெல்லாம் என்னும் சொல்

நவம்பர் 2-ஆம் நாள் மாலையில் நம் பங்குக் கல்லறைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கின்றோம். புதிதாய் வெள்ளையடித்த கல்லறைகள், செவ்வந்தி மாலைகள், காற்றில் அணையாதபடி உள்ளங்கையால் மறைத்து ஏற்றப்படும் மெழுகுதிரிகள். குரு மந்திரித்துச் சென்று, கூட்டமும் கலைந்த பின்பு, ஏதோ ஒரு கல்லறையருகில் முதியவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். பிள்ளைகள் வாயிலருகே காத்திருப்பர். போகலாம் என்று அவரை அழைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அங்கே துயில்பவர் அவருடைய மனைவி; காத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தாய். ஆண்டுகள் சென்று அந்த முதியவரையும் அதே மண்ணில் விதைத்துவிட்டு வந்தபின், தந்தையை நினைக்கும்போதெல்லாம் அவர் அன்று நின்ற நிலையே நம் கண்முன் வருகின்றது. அவர் கூறிய அறிவுரைகளுள் பலவற்றை நாம் மறந்துவிட்டோம். நம் தாயை அவர் மறவாதிருந்ததை நம்மால் மறக்க இயலவில்லை.

இந்நினைவு நமக்கு ஆறுதல் தருகின்றது. அதனோடு ஒரு வினாவையும் எழுப்புகின்றது. இறந்துபோன மனைவிக்கு ஒருவர் எதைச் செய்ய முடியும்? அவருக்கு உணவு வேண்டியதில்லை, மருந்து வேண்டியதில்லை; இன்சொல்லும் அவர் செவியில் விழப்போவதில்லை. அவ்வாறாயின் அவர்பால் கொண்ட அன்பு என்பது என்ன? அது உண்மையாகவே அன்புதானா, அல்லது நம் இழப்பை நாமே வருடிக்கொள்ளும் துயரத்திற்கு நாம் சூட்டியுள்ள அழகிய பெயரா?

திருமறை இவ்வினாவுக்கு எளிதான விடை அளித்துவிடவில்லை. கணவன் உயிரோடிருக்கும் வரையில்தான் மனைவி திருமணச் சட்டத்தால் கட்டுண்டிருக்கின்றாள் என்று தூய பவுல் உரோமையர்க்கு எழுதுகின்றார். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்திலும் இதையே வலியுறுத்துகின்றார். உயிர்த்தெழுந்தோர் மணம் செய்துகொள்வதில்லை என்று சதுசேயரிடம் ஆண்டவரே கூறுகின்றார். எனவே துணையை இழந்தவர் மீண்டும் மணம் புரிவதைத் திருச்சபை குற்றமாகக் கருதுவதில்லை. கைக்குழந்தைகளோடு தனித்து விடப்பட்ட எத்தனையோ தந்தையர் மறுமணம் செய்து, வந்தவரையும் மறைந்தவரையும் மதித்து வாழ்ந்திருக்கின்றனர். இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் நம் சிந்தனை அவர்களுக்கு அநீதி இழைத்ததாகிவிடும்.

ஆயினும் திருமண நாளில் பீடத்தின் முன் நின்று நாம் சொல்லும் வாக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அங்கே 'என் வாழ்நாளெல்லாம்' என்று சொல்லுகின்றோம். 'உன் வாழ்நாளெல்லாம்' என்று சொல்வதில்லை. கட்டு இருவரில் ஒருவருடைய இறப்போடு அவிழ்ந்துவிடுகின்றது. நேசிப்பேன், மதிப்பேன் என்ற சொல்லோ, சொன்னவருடைய இறுதி மூச்சு வரையில் நீளுகின்றது. சட்டம் முடிந்த இடத்தில் அன்புக்கு இனிமேல் கட்டாயம் ஏதுமில்லை. அதற்குப் பின்னும் அது நிலைத்திருக்குமானால், தன் விருப்பத்தாலேயே நிலைத்திருக்கின்றது.

டென்மார்க்கு நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககோர் 1847-இல் வெளியிட்ட 'அன்பின் செயல்கள்' என்னும் நூலில், இறந்தோரை நினைவுகூர்வதைப் பற்றித் தனியே ஓர் இயல் எழுதியுள்ளார். ஒருவருடைய அன்பின் தரத்தை அறிய வேண்டுமானால், இறந்தவரிடம் அவர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்று பார்த்தால் போதும் என்பது அவர் கருத்து. இறந்தவர் கைம்மாறு செய்வதில்லை. ஆகவே அவரை நேசிப்பதில் தன்னலம் இல்லை. அவர் நம்மை வற்புறுத்துவதில்லை. ஆகவே அந்த அன்பு முழு உரிமையோடு செய்யப்படுவது. அவர் மாறுவதில்லை, ஆகவே உறவில் மாற்றம் நேர்ந்தால், மாறியவர் நாமே என்பதில் ஐயமில்லை. உயிரோடிருக்கும் இருவரிடையே அன்பு குளிர்ந்துவிட்டால் ஒருவர் மற்றவர்மேல் பழியைப் போடலாம். கல்லறையில் இருப்பவர்மேல் எப்பழியையும் போட முடியாது.

சிறந்த அளவுகோல்தான். ஆனால் நினைப்பதோடு அன்பு நிறைவுபெறுமா என்பதையும் கேட்டாக வேண்டும். இதற்கு விடை தேடுகையில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு குடும்பத்தின் வரலாறு துணைசெய்கின்றது. பாடுபட்ட சுருபத்தையும் ரோசா மலர்களையும் ஏந்தி நிற்கும் சிறுமலர் தெரேசாவின் படம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அவருடைய தந்தை லூயி மார்ட்டினைப் பற்றி நம்மில் பலர் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

லூயி 1823-இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தவர். துறவியாக விரும்பிப் புனித பெர்நார்து மலை மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் கல்வி போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் அலான்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்து வாழ்ந்தார். செலி குவெரின் அதே நகரில், அந்நகருக்குப் புகழ் தேடித்தந்த லேஸ் பின்னல் தொழிலை நடத்தியவர். அவரும் கன்னியர் மடத்தில் சேர விரும்பி ஏற்கப்படாதவர். இருவரும் 1858 சூலை 13 அன்று நள்ளிரவில் மணமுடித்தனர். ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோக, ஐந்து பெண்மக்கள் எஞ்சினர். மனைவியின் தொழில் பெருகி, அவர் ஒருவரால் தாங்க இயலாத சுமையானபோது, 1870-இல் லூயி தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு அவருடைய தொழிலுக்குத் துணைநின்றார். ஆண்மகனின் தொழிலே குடும்பத்தின் மதிப்பு என்று கருதப்பட்ட காலத்தில் இது சிறிய செயலன்று.

1863-இல் வெளியூரிலிருந்து செலிக்கு எழுதிய கடிதம் ஒன்றின் முடிவில், லூயி தம்மைக் கணவர் என்பதோடு நண்பர் என்றும் குறிப்பிட்டு, வாழ்நாள் முழுவதற்கும் அன்பை உறுதிசெய்து கையொப்பமிட்டார். யாருடைய வாழ்நாள் என்று அன்று அவர் எண்ணியிருக்க மாட்டார். பதினான்கு ஆண்டுகளில் அவ்வினா அவர்முன் வந்து நின்றது. மார்பகப் புற்றுநோயால் நலிந்த செலி, 1877 சூனில் மூத்த பெண்களோடு லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றும் நலம் பெறவில்லை. ஆகஸ்டு 28 அன்று தம் 45-ஆம் வயதில் இறந்தார். லூயிக்கு அப்போது வயது 54. மூத்த மகள் மரிக்கு 17. கடைக்குட்டி தெரேசாவுக்கு 4.

இங்கேதான் நம் வினா கூர்மை அடைகின்றது. லூயியின் உலகமெல்லாம் அலான்சோனில் இருந்தது. அவருடைய முதிய தாய் அப்பகுதியில் வாழ்ந்தார். நண்பர்கள் அங்கிருந்தனர். அவர் செபிக்கவும் படிக்கவும் ஒதுங்கும் சிறு கோபுர வீடும் தோட்டமும் அங்கிருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, செலியின் கல்லறையும் இறந்த குழந்தைகளின் கல்லறைகளும் அங்கேதான் இருந்தன. ஆனால் செலியின் தம்பி இசிதோர் குவெரின் லிசியே நகரில் மருந்துக்கடை வைத்திருந்தார். தாயற்ற ஐந்து பெண்களும் மாமன், அத்தையின் அருகில் வளர்வது நல்லது என்று அவர் கருதினார். அங்கே ஒரு வீட்டையும் தேடிக் கண்டுபிடித்தார். லிசியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். மனைவியின் கல்லறையருகே தங்குவதா? அவர் விட்டுச்சென்ற மக்களின் நலனை நாடிப் புறப்படுவதா?

செலி இறந்து மூன்று மாதங்கள் முடிவதற்குள், 1877 நவம்பரில், குடும்பம் லிசியேக்குக் குடிபெயர்ந்தது. இறந்தோருக்கென்றே ஒதுக்கப்பட்ட மாதத்தில் அவர் அந்தக் கல்லறையை விட்டு வந்தார். கல்லறைக்கு நாள்தோறும் மலர் வைத்திருந்தால் ஊரார் அவரைப் போற்றியிருப்பர். அவருடைய துயரமும் தணிந்திருக்கும். அவ்வாறு செய்வதும் தவறாகாது. ஆனால் செலி எவரை நேசித்தாரோ, எவருக்காக நோயிலும் உழைத்தாரோ, அவர்கள் உயிரோடு அவர் கைகளில் இருந்தனர். செலியை நேசிப்பது இனி அவர்களை நேசிப்பதுதான் என்று அவர் கண்டுகொண்டார். கல்லறையைப் பிரிந்தது அன்பின் குறைவால் அன்று. அன்பு கேட்ட விலையை அவர் செலுத்தினார்.

பிள்ளைகள் இதை உணர்ந்தனரா? இதற்குத் தெரேசாவே சான்று. தாயின் மறைவுக்குப் பின், இயல்பாகவே கனிவுமிக்க தந்தையின் உள்ளம் ஒரு தாயின் அன்பையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டதுபோல் இருந்தது என்று தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கின்றார். கோவிலில் மறையுரை நிகழும்போது குருவைவிடத் தந்தையின் முகத்தையே அதிகம் பார்த்திருந்ததாகவும் எழுதுகின்றார். தாயின் நினைவும் அவ்வீட்டில் புதைக்கப்படவில்லை. செலி எழுதிய கடிதங்களுள் 200-க்கு மேற்பட்டவை பாதுகாக்கப்பட்டன. நாலரை வயதில் தாயை இழந்த தெரேசா, தம் குழந்தைப்பருவத்தை எழுதியபோது அக்கடிதங்களிலிருந்தே தாயின் குரலை எடுத்துக்கொள்ள முடிந்தது. 1883-இல் அலான்சோன் சென்று தாயின் கல்லறைமேல் செபித்ததைப் பெருமகிழ்ச்சியாக அவர் குறிப்பிடுகின்றார். துக்கத்தால் இருண்டுபோன வீட்டில் வளர்ந்த குழந்தை தாயின் கல்லறையை மகிழ்ச்சியோடு சேர்த்து நினைப்பது அரிது.

லூயி மறுமணம் செய்யவில்லை. பதினேழு ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார். தமக்கென்று பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. 1882-இல் போலின், 1886-இல் மரி, 1888-இல் தெரேசா என்று ஒருவர்பின் ஒருவராகக் கார்மேல் மடத்திற்கு விடைகொடுத்தார். மனைவியை இழந்த முதியவருக்கு மக்களின் முகமே மீதமிருந்த ஆறுதல். அதனையும் அவர் கையளித்தார். கணவன், மனைவி இருவருமே இளமையில் நாடி அடையாத துறவு வாழ்வு மக்களுக்கு வாய்த்ததில், செலியின் விருப்பமும் நிறைவேறியது.

அதற்குப் பின் வந்தது கொடிய காலம். மூளை இரத்தக் குழாய்களைத் தாக்கிய நோயால் அவருடைய நினைவு தடுமாறியது. 1889 பிப்ரவரி முதல் 1892 மே வரையில் கான் நகரில் மனநோயாளருக்கான மருத்துவ இல்லத்தில் இருந்தார். மீண்டு வந்தபோது கால்கள் செயலிழந்திருந்தன. மகள் செலின் அவரைக் குழந்தைபோல் பேணினார். வாழ்நாள் முழுவதும் நினைத்திருப்பேன் என்று சொன்னவருக்கு நினைவே தவறினால் அவர் கொடுத்த வாக்கு என்னாகும்? நம் பெற்றோர் சிலர் தங்கள் துணையின் பெயரையே மறந்துவிட்ட நிலையில் இருப்பதைக் கண்டு கலங்கியவர்களுக்கு இவ்வினாவின் கனம் தெரியும். நினைவு மட்டுமே அன்பாயிருந்தால், அது நோயோடு அழிந்துவிடும். ஆனால் அன்பு செயலாகி, மக்களின் வாழ்வில் கலந்துவிட்ட பின், அது ஒருவருடைய மூளையை மட்டும் நம்பியிருப்பதில்லை. லூயி அன்று தம் மனைவிக்காகப் பேணி வளர்த்த மகளே, இன்று அவரைப் பேணினார்.

1894 சூலை 29 அன்று லூயி இறந்தார். அதே ஆண்டில் இசிதோர் குவெரின், அலான்சோனிலிருந்து தம் அக்காளின் உடலெச்சங்களையும் குழந்தைகளுடையவற்றையும் எடுத்துவரச் செய்து லிசியேயில் அடக்கம் செய்வித்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் மக்களுக்காகக் கல்லறையை விட்டுவந்தவரிடம், அந்தக் கல்லறையே வந்து சேர்ந்தது. இன்று இருவருடைய திருப்பண்டங்களும் லிசியே பேராலயத்தின் நிலவறைக் கோவிலில் ஒன்றாக உள்ளன. 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிசு இவர்களுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். கணவனும் மனைவியுமாக ஒரே வேளையில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் இணையர் இவர்களே.

நம் தந்தையர் பீடத்தில் வைக்கப்படப் போவதில்லை. ஆயினும் தாய் இறந்தபின் அவர்கள் செய்த சிறு செயல்களை நாம் அறிவோம். விடியலில் எழுந்து, பழக்கமில்லாத கைகளால் அடுப்பு மூட்டினார்கள். தாய் சேர்த்துவைத்த பணத்தைத் தமக்கென்று தொடாமல் தங்கையின் திருமணத்திற்கு வைத்தார்கள். தாயோடு பிணங்கியிருந்த உறவினர் வீட்டுக்குத் தாமே நடந்து சென்று, அவர் செய்ய விரும்பிச் செய்யாமற்போன சமாதானத்தைச் செய்துவந்தார்கள். அவற்றைக் கடமை என்று அன்று எண்ணினோம். அவை தாய்க்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் என்பது நமக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

ஆகவே, வரும் நவம்பரில் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய பின், நம் தாய் யாரை நேசித்தார், யாருக்காகக் கவலைப்பட்டார் என்று ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். நம் தந்தை அவர்களுக்குச் செய்துவந்து, முடிக்காமல் விட்டுச்சென்றது ஏதேனும் இருக்கும். மருந்து வாங்க வழியில்லாத அத்தையோ, படிப்பை நிறுத்திவிட்ட அண்ணன் மகனோ, பேச்சை நிறுத்திவிட்ட சித்தப்பாவோ இருப்பர். திரும்பும் வழியில் அந்த வீட்டுக்கும் சென்றுவருவோம்.