அறியாமற் செய்த தீங்கு

தான் செய்வது தீங்கு என்று அறியாமலேயே ஒருவன் தீங்கு செய்துவிட்டால், அவன் அதற்குப் பொறுப்பாளி ஆவானா? வினா பழையது. தேர்க்காலில் கன்று மாண்ட மனுநீதிச் சோழன் கதையிலும் அது உண்டு. நம் சட்ட அறிஞர்களின் நூல்களிலும் உண்டு. இன்று அதனை மீண்டும் நம் நெஞ்சில் எழுப்பியவை சில வௌவால்கள்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற் காட்டில், நம் உறவினர் வாழ்ந்த சிற்றூர் ஒன்றில், பாழடைந்த பருத்திக் கிட்டங்கி ஒன்று இருந்தது. அதன் உத்தரங்களில் நூற்றுக்கணக்கான வௌவால்கள் தொங்கும். இளமையில் ஒருநாள் நாம் சிறுவர் நால்வராகக் கூடிப் பனையோலையைக் கொளுத்திப் புகை மூட்டினோம். வௌவால்கள் கலைந்து பறந்த காட்சியில் நமக்கு அளவிலா மகிழ்ச்சி. புகை அடங்கியபின் உள்ளே சென்று பார்த்தால், தரையெங்கும் மயிர் முளையாத குட்டிகள் விழுந்து கிடந்தன. அது அவை குட்டி ஈனும் பருவம் என்பது நமக்குத் தெரியாது. செய்தி கேட்டு வந்த வீட்டு மூதாட்டியார் நம்மை ஏசவில்லை. “உசுரு இருக்கிறதை எடுத்து மேலே வைங்க, தாய் வந்தாலும் வரும்” என்றார். வைத்தோம். மறுநாள் சில குட்டிகளைக் காணவில்லை. சில வைத்த இடத்திலேயே செத்துக் கிடந்தன.

அந்நிகழ்ச்சியை நாம் ஏறக்குறைய மறந்தே போயிருந்தோம். அமெரிக்காவில் வௌவால்களைத் தாக்கிய வெண்மூக்கு நோயைப் பற்றிப் படித்தபோது அது மீண்டும் கண்முன் நின்றது.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகிலுள்ள குகையொன்றில் எடுக்கப்பட்ட நிழற்படத்தில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெண்பொடி படிந்திருந்தது. அது சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் எனப் பின்னர் பெயர் பெற்ற ஒருவகைப் பூஞ்சணம். குளிர்நாட்டு வௌவால்கள் பனிக்காலத்தில் இரையின்றி, உடலின் வெப்பத்தையும் நெஞ்சின் துடிப்பையும் தணித்துக்கொண்டு, கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு உறங்குபவை. பூஞ்சணம் அவற்றின் மூக்கையும் சிறகுத் தோலையும் அரிக்கிறது. நோயுற்ற வௌவால் உறக்கத்தினின்று அடிக்கடி விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விழிப்பும் சேமிப்பைக் கரைக்கிறது. வசந்தம் வருமுன்னரே கொழுப்புத் தீர்ந்து, பூச்சி ஒன்றேனும் பறவாத பனிவெளியில் இரை தேடிப் பறந்து மடிகிறது. 2012ஆம் ஆண்டிற்குள் ஐம்பத்தைந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வௌவால்கள் மடிந்தன என அந்நாட்டு வனவுயிர்த்துறை மதிப்பிட்டது. பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனுபவை என்பதை எண்ணினால், இவ்விழப்பு ஈடாக எத்தனை தலைமுறை வேண்டும் என்பது விளங்கும்.

இப்பூஞ்சணம் ஐரோப்பாவில் நெடுங்காலமாகவே உள்ளது. அங்குள்ள வௌவால்கள் அதனோடு வாழப் பழகிவிட்டன, கூட்டங்கூட்டமாக மடிவதில்லை. அங்கிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து அதனைக் கொண்டுவந்தது யார்? வௌவால்கள் அக்கடலைக் கடந்து பயணம் செய்பவை அல்ல. குகை காணச் சென்ற ஒருவரின் காலணியிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு அது வந்திருக்கக்கூடும் என்பதே அறிவியலாளரின் கருத்து. அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

இங்கேதான் நம் வினா எழுகிறது. குகையின் அழகைக் காணச் சென்ற அம்மனிதரின் உள்ளத்தில் கேடு சிறிதும் இல்லை. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்று நாம் நம்புகிறோம். அப்படியாயின் அவர் மீது குற்றமில்லை. குற்றமில்லை என்று சொன்னதோடு கணக்கு முடிந்துவிடுமா? இலட்சக்கணக்கான உயிர்கள் மடிந்தது யாருடைய கணக்கிலும் ஏறாமல் காற்றோடு போய்விடுமா?

மனுநீதிச் சோழன் கதை ஓர் எல்லையைக் காட்டுகிறது. அங்கே மகன் அறியாமற் செய்தான் என்பது தந்தையின் தீர்ப்பை மாற்றவில்லை. அந்நேர்மை நம்மை நடுங்க வைக்கிறது. ஆயினும் உலகியலில் அதனைப் பின்பற்ற எவராலும் இயலாது. மற்றோர் எல்லையில் நிற்பது, “தெரியாமல் நடந்தது, விட்டுவிடுங்கள்” என்னும் நம் அன்றாடப் பேச்சு. இஸ்லாமியச் சட்டம் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி வகுத்துள்ளது. தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கு உயிருக்கு உயிர் என்னும் தண்டனை இல்லை. ஆனால் இறந்தவரின் குடும்பத்திற்கு ‘தியத்’ என்னும் ஈட்டுத்தொகை தரவேண்டும். கொன்றவர் ‘கஃப்பாரா’ என்னும் பரிகாரமும் செய்யவேண்டும். அடிமையை விடுவிக்க இயலாதவர் இரண்டு திங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். குற்றம் நீங்கினாலும் கடன் நீங்கவில்லை என்பது இதன் கருத்து. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவ்வீட்டுத்தொகையைக் கொன்றவர் தனியே சுமப்பதில்லை. அவருடைய சுற்றத்தார் பகிர்ந்து சுமக்கின்றனர்.

மனிதவுயிருக்கான சட்டத்தை வௌவாலுக்குப் பொருத்துவது முறையா என்று அன்பர் சிலர் வினவலாம். சட்டத்தை நாம் பொருத்தவில்லை. அதன் பின்னுள்ள நியாயத்தையே கடன் வாங்குகிறோம். தீங்கு செய்தவர் அறியாதவராகவும் அடையாளம் தெரியாதவராகவும் இருக்கையில், கடன் அவருடைய சுற்றத்தாரைச் சேர்கிறது. குகையில் கால்வைத்த அவ்வொருவரின் சுற்றத்தார் மனிதகுலம் அன்றி வேறு யார்?

அக்கடனில் ஒரு பகுதி ஏற்கெனவே வசூலாகிவிட்டது என்று தோன்றுகிறது. ஏயல் ஃபிராங்க் என்னும் பொருளியலாளர் 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, நோயால் வௌவால்கள் அருகிய அமெரிக்க மாவட்டங்களில் உழவர்கள் பூச்சிமருந்தை ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகத் தெளித்தனர். விபத்து, கொலை நீங்கலான காரணங்களால் நேரும் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு அங்கே ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. வௌவால் தின்றுவந்த பூச்சிகளுக்கு நஞ்சு வைக்கப்போய், அந்நஞ்சு தொட்டில் வரை வந்துவிட்டது. குகைக்கே போகாத தாய்மார்கள் அக்கடனைச் செலுத்தினர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வெண்மூக்கு நோய் இங்கு வாராது. அப்பூஞ்சணம் 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வளராது. கரிசற் காட்டு வெயிலில் அதற்கு இடமில்லை. பனிக்காலம் முழுதும் உறங்கவேண்டிய தேவையும் நம் வௌவால்களுக்கு இல்லை. ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்கிவிடலாமா?

அருப்புக்கோட்டை வட்டாரம் பருத்திக்குப் பேர்போனது. பருத்தி விளைந்த இடமெல்லாம் காய்ப்புழுவும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளை வௌவால்கள் தின்று பருத்தி உழவர்க்கு ஆற்றும் உதவியை, எட்டு மாவட்டங்களில் மட்டும் ஆண்டுக்கு ஏழு இலட்சம் டாலருக்கு மேல் என 2006இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். நாம் இளமையில் புகை மூட்டிய கிட்டங்கியும் பருத்திக் கிட்டங்கியே. நம் காவலாளிகளை நாமே விரட்டினோம் என்பதை அறிய நமக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

நம்முடைய அறியாமை சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 1948இல் மேகமலைப் பகுதியில் பிடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறொரு பொதுவான இனத்தின் பெயரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பில் கிடந்தது. 1972இல்தான் அது புதிய இனம் என்று கண்டறியப்பட்டு, பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரைப் பெற்றது. அதே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் ‘தீங்குயிர்’ பட்டியலில் வைத்திருந்தது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீங்கியது. மகரந்தம் சுமந்து, விதை பரப்பிக் காடு வளர்க்கும் உயிருக்கு நாம் சூட்டியிருந்த பெயர் அது.

மதுரைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஓர் உண்மையை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இருண்ட குகைக்குள் தனியே அடைபட்ட இலைமூக்கு வௌவாலுக்கு இரவும் பகலும் புலப்படுவதில்லை. அதன் உடற்கடிகாரம் விலகிப் போகிறது. உடன் தன் கூட்டத்தார் வெளியே சென்று திரும்பினால், அவர்களைக் கொண்டு அது காலத்தை அறிந்துகொள்கிறது. மனிதனும் அப்படித்தான். தன் செயலின் விளைவைத் தனியொருவனாக அவன் அறிய இயலாது. சுற்றத்தார் அறிவிக்கவே அறிகிறான்.

அறிந்தபின் அறியாமை சாக்காக நிற்க முடியாது. 2009இல் அமெரிக்க வனவுயிர்த்துறை, நோய் பரவிய மாநிலங்களில் குகைகளுக்குள் செல்லாதிருக்குமாறு மக்களை வேண்டியது. செல்ல நேர்ந்தோர் தம் உடைமைகளை 55 பாகை வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தித் தூய்மை செய்யும் முறையும் வகுக்கப்பட்டது. முதன்முதல் பூஞ்சணத்தைச் சுமந்தவரைக் குற்றஞ்சொல்ல நமக்கு உரிமையில்லை. இச்செய்தி கேட்டபின்னும் காலணியைக் கழுவ மறுப்பவரைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

நமக்கும் கழுவவேண்டிய காலணி உண்டு. பழங்கட்டடத்தைப் பழுதுபார்க்குமுன் குட்டி ஈனும் பருவம் கடந்துவிட்டதா என்று பார்ப்பது, சாலையோரப் புளியமரத்தை வெட்டுமுன் அதில் உறைவன எவையென்று நோக்குவது, பாழ்ங்கிணற்றைத் தூர்க்குமுன் உள்ளே எட்டிப் பார்ப்பது, தெளிக்கும் நஞ்சின் அளவைக் குறைப்பது ஆகியவை எளிய செயல்கள். இவற்றால் பழைய கடன் முற்றிலும் தீர்ந்துவிடாது. அன்று மேலே வைத்த குட்டிகளிலும் சில பிழைக்கவில்லை. ஆயினும் அம்மூதாட்டியார், யார் செய்தது, தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. உயிருள்ளவற்றை எடுத்து மேலே வைக்கச் சொன்னார். அறியாமற் செய்த தீங்கிற்கு மனிதன் செய்யக்கூடியது அதுவே என்று நாம் இன்று கருதுகிறோம்.