உள்ளேன் அம்மா

அக்டோபர், பள்ளி திறந்த நாள்

காலாண்டு விடுமுறை முடிந்து பூட்டைத் திறந்தால் வகுப்பறையில் ஒரு வாடை தேங்கியிருக்கும். அடைத்துக் கிடந்த சுவரின் ஈரம், சாக்பீஸ் தூள், யாரோ ஒளித்து வைத்து மறந்துபோன கொய்யாக்காய். ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிள்ளைகள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

2012-இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறை புதுப் புத்தக வாசனை வருகிறது. பை கனமும் குறைந்தது. ஆனால் எங்கள் டெல்டாவில் மூன்று பருவமும் ஒன்றல்ல. இந்த இரண்டாம் பருவம்தான் கடினம். வயலில் நடவும் களையெடுப்பும், வானத்தில் வடகிழக்குப் பருவமழை, வீட்டில் தீபாவளிக் கடன், எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள் வந்து நிற்கும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. 41 பிள்ளைகள். தலைமையாசிரியையும் நானும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒன்று, இரண்டு அவருக்கு. மூன்று, நான்கு, ஐந்து எனக்கு.

பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன் அம்மா." நாள் முழுக்க என்னை டீச்சர் என்று கூப்பிடும் பிள்ளைகள் இந்த ஒரு நேரத்துக்கு மட்டும் அம்மா என்பார்கள். எங்கள் தலைமையாசிரியை விடாமல் காத்துவரும் வழக்கம் அது. சிலர் கத்துவார்கள், சிலர் முனகுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுத்தான் சொல்வான்.

இருபது வருடமாகக் கேட்கிறேன். அந்தச் சொல் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை. இருக்கிறேன் என்று பொருள். பழந்தமிழில் உள்ளுதல் என்றால் நினைத்தல். அந்த வழியில் உள்ளேன் என்றால் நினைக்கமாட்டேன் என்றும் பொருள்படும், செய்யேன், போகேன் என்பதைப் போல. ஒருவர் இருப்பதற்கும், அவரை இன்னொருவர் நினையாமல் விடுவதற்கும் ஒரே சொல். பிள்ளைகள் முதல் பொருளில் சொல்கிறார்கள். இரண்டாவது பொருள் என் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அதே மாதம், புதன்

காலை எட்டேகாலுக்கெல்லாம் சமையல் கூடத்தின் முன்னால் தட்டுச் சத்தம் கேட்கும். காலை உணவு சமைக்கும் அக்கா மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். அவர் மகள் எங்கள் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளையைப் பெற்றவள் கையால் சமைக்கவேண்டும் என்று திட்டத்தில் யார் யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

1920-இல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. பிறகு காமராசர், பிறகு 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, முதலில் 1,545 பள்ளிகளுக்கு. மறு வருடம் ஆகஸ்ட் 25 அன்று எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இதையெல்லாம் நான் வகுப்பில் பாடமாகச் சொல்லுவதுண்டு. பிள்ளைகளுக்கு அதில் கேட்க ஒரு கேள்விதான் இருக்கும்: "அதுக்கு முன்னாடி காலையில என்ன சாப்பிட்டாங்க டீச்சர்?"

அடுப்பு மூட்டும் நேரத்தில் நான் அங்கே போய் நிற்பது வழக்கம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். பள்ளிகளிலிருந்து கீற்றை எடுத்துவிட்டார்கள். எங்கள் கூடத்துக்குக் கான்கிரீட் கூரை, கேஸ் அடுப்பு. இருந்தாலும் கால் அங்கேதான் போகிறது. அக்காவுக்கும் காரணம் தெரியும். "நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்பார். போகமாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

நவம்பர், மழை

இரவெல்லாம் அடைமழை. காலை ஆறு மணியிலிருந்து ஊரே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். "கலெக்டர் லீவு விட்டுட்டாரு" என்று யாராவது ஒரு பிள்ளை தெருவில் ஓடும். பட்டணத்தில் அந்தக் கூச்சல் சந்தோஷம் மட்டும்தான். இங்கே லீவு என்றால் காலையும் மதியமும் இரண்டு வேளைச் சாப்பாடு இல்லை. மழையில் பெற்றவர்களுக்கும் வேலை இருக்காது. லீவு விடாமல் இருக்கவும் முடியாது. வாய்க்கால் தாண்டி வரும் பிள்ளைகள் பாதிப் பேர். இதற்கு என்னிடம் விடை கிடையாது. மழை லீவு முடிந்த மறுநாள் உப்புமா இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைகளை அக்கா ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

முற்றத்துப் பூவரசு 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, வேரோடு சாய்ந்தது. நிமிர்த்தி வைக்க ஆளில்லை. சாய்ந்தபடியே துளிர்த்தது. இப்போது பிள்ளைகள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து ஆடுகிறார்கள். அவர்களில் அந்தப் புயலைப் பார்த்த நினைவு உள்ளவர் ஒருவரும் இல்லை.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். 2024-இல் இதே நாளில் வந்த மகிழ் முற்றம் திட்டம் எங்கள் 41 பேரையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாக்கியிருக்கிறது. அவரவர் நிலத்தைப் படம் வரையச் சொன்னேன். மருதத்துக்கும் நெய்தலுக்கும் வேலை சுலபம், ஜன்னல் வழியாகப் பார்த்தே வரைந்தார்கள். குறிஞ்சிக்காரர்கள் திண்டாடினார்கள். மலை பார்த்த பிள்ளை ஒன்றும் இல்லை. கடைசியில் ஒருவன் வைக்கோல் போரை வரைந்து உச்சியில் ஒரு மயிலை நிறுத்திக் கொண்டுவந்தான். அந்தப் படம் சுவரில் இருக்கிறது.

நவம்பர் மூன்றாம் வாரம்

இதை எழுதாமல் கடந்துவிடலாம் என்று பல நாள் தள்ளிப்போட்டேன். எழுதிவிடுகிறேன்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திங்கள்கிழமை வரவில்லை. அன்று காலையே சமையல் அக்கா சொன்னார்: "அவ சாப்பிட வரல டீச்சர்." நான் ம்ம் என்றேன். பதிவேட்டில் குறித்தேன். மாடிப்படியில் ஏறி நின்றால்தான் கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வரும். நின்று செயலியிலும் ஏற்றினேன். செவ்வாயும் ஏற்றினேன். புதன், வியாழன். நான்கு நாளும் கணக்கு சரியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் வகுப்புப் பையன், கையைக் கட்டிக்கொண்டு உள்ளேன் சொல்பவன், சாப்பிட்டு முடித்துத் தட்டு அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்ப்போம். அவன் இன்னும் அரும்பு. எழுத்தெழுத்தாகச் சொல்வான், சேர்த்தால் சொல் வராது. எத்தனையோ அட்டை காட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். சின்னச் சின்னப் புள்ளியாக, விளிம்புக்குக் கீழே. அவன் விரல் அந்தப் புள்ளிகள்மேல் ஊர்ந்தது. ஒரு எழுத்து. நின்றது. அடுத்த எழுத்து. மூன்றாவது எழுத்துக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நான்காவது எழுத்து வந்ததும் நான்கையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "பேரு போட்டிருக்கு டீச்சர். இது அவ தட்டு."

அவன் வாழ்க்கையில் சேர்த்துப் படித்த முதல் சொல். அணைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது, அணைத்துக்கொண்டேன். அதே நொடியில் அந்தப் பெயர் என்னைத் தைத்தது. தட்டு அவள் பாட்டியின் சீர்த்தட்டு. பாட்டி பெயரைத்தான் அவளுக்கும் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது நாளாக அந்தத் தட்டு ஈரம் படாமல் இருந்தது. அப்படியும் அது பளபளவென்று இருக்கக் கண்டு அக்காவைப் பார்த்தேன். "தூசி உக்காந்துரும்னு தினம் தொடச்சு வெப்பேன்" என்றார்.

மாலை நாலேகாலுக்கு ஸ்கூட்டியை எடுத்தேன். கப்பி ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு ஒன்றரை வயது. "அம்மா களை பறிக்கப் போயிருக்கு டீச்சர். அம்மாச்சிக்குக் கால் வீங்கிருச்சு, அதான் இவன நான் வெச்சிருக்கேன்." குற்றம் எதுவும் சாட்டாத குரல். நானாக எதுவும் கேட்பதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள்.

"என் தட்டு அங்கதான இருக்கு?"

திங்கள்கிழமை தம்பியோடு வந்தாள். வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. "ரெண்டு வயசு ஆவலயே டீச்சர்" என்றார் அங்கன்வாடிப் பணியாளர். கொஞ்ச நேரம் பையனைப் பார்த்தார். பிறகு பாயை உதறி விரித்தார். களையெடுப்பு முடியும்வரை இரண்டு வாரம் அவன் அங்கே தூங்கினான். அந்த இரண்டு வாரமும் இடைவேளை மணி அடித்ததும் அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

வருகைப் பதிவேடு வந்தவர்களுக்காக என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சமையல் கூடத்தில் எண்ணுகிற எண்ணிக்கை வேறு. அங்கே மிஞ்சுகிற ஒரு தட்டு உடனே கண்ணில் படும். அதைப் பார்த்தவர் சொன்னபோது நான் ம்ம் என்றது என் தவறு.

நவம்பர் கடைசி வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். முன்பெல்லாம் மூன்று மணிக்குக் கூட்டினோம். வந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்பதால் கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கி வருவோம். தலைமையாசிரியை இப்போது ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார். கால் சேறு கழுவி அப்படியே வந்து உட்கார்கிறார்கள். கட்டடம், கணினி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர் நடுவில் எழுந்தார்: "பொம்பளப் புள்ளைங்க கக்கூஸு கதவுக்குத் தாப்பா இல்ல. எம்பொண்ணு காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குது."

தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் வகுப்புக்குப் போகிறேன். தீர்மானம் எழுதினோம். தச்சுவேலை செய்யும் தகப்பன் ஒருவர் சனிக்கிழமையே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

டிசம்பர், தேர்வுக்கு முந்தைய நாள்

இப்போது பதிவேட்டை எடுக்கும் முன் சமையல் கூடத்துக்குப் போகிறேன். "இன்னைக்கு எத்தனக்கா?" "முப்பத்தொன்பது."

வராதவர் இரண்டு பேர். ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக் காய்ச்சல், அண்ணன் வந்து சொன்னான். இன்னொருத்தி மூன்றாம் வகுப்பு. வீடு பூட்டியிருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தலைமையாசிரியை எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மாலை மறுபடி கூப்பிடுவார்.

அவள் தட்டும் அலமாரியில் இருக்கிறது. அக்கா துடைத்து வைத்திருக்கிறார்.

இதைத் திருப்பூரிலோ வேறு ஊரிலோ யாராவது படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருந்து, பகலில் வாசலில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், எந்தப் பள்ளி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். டி.சி. கையில் இல்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது.