மருந்துக்கூடும் கொல்லாநோன்பும்

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் பாறையை அடுத்து, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பழைய கல்வெட்டொன்று சொல்கிறது. ஆனால் அந்நோன்பு எல்லார்க்கும் விதித்ததன்று; மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணருள் இல்லறத்தார் நோய்க்கு மருந்துண்பவர்களே. அவர்களுக்குரிய சிறுநோன்பாகிய அணுவிரதம், இயங்கும் உயிர்களை அறிந்து கொல்வதை விலக்கி, மரஞ்செடி போன்ற ஓரறிவுயிர்க்கு நேரும் தவிர்க்கவியலாத் துன்பத்தை மட்டும் பொறுத்துக்கொள்கிறது. அவ்வாறாயின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின் கூட்டில் வரும் மருந்தை அவர்கள் உண்ணலாமா?

அத்தகைய கூட்டில் வரும் மருந்தொன்றை எடுத்துக்கொள்வோம். படர்தாமரைக்குத் தரப்படும் இட்ராகோனசோல் நீரில் ஏறக்குறையக் கரையாதது. அதன் கேப்சூலைப் பிரித்தால் உள்ளே சிறுசிறு உருண்டைகள் இருக்கும். சர்க்கரை மணியின்மேல் மருந்தையும் ஹைப்ரோமெல்லோஸ் என்னும் பாலிமரையும், அதாவது ஒரே வகை அலகுகள் தொடராகக் கோத்த நெடுமூலக்கூற்றையும், சேர்த்துப் பூசியவை அவை. மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்யப்படும் இப்பொருளின் சங்கிலிகள் மருந்தின் மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து, அவை மீண்டும் படிகமாகத் திரளாதபடி தடுப்பதால், கரையாத மருந்தும் குடலில் கரைந்த நிலையிலேயே சிறிது நேரம் நிற்கிறது. சங்கிலி நீண்டதாயின், நீர்பட்டதும் அது கெட்டியான கூழாகி மருந்தை மெல்ல மெல்ல விடுவிக்கும்; பல மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

அரிய வேலையைச் செய்வது தாவரப்பொருள். ஜெலட்டினோ உருண்டைகளைப் பொதிந்துவைத்துவிட்டு வயிற்றின் சூட்டில் கரைந்துபோகிறது. அந்தப் பொதியையும் ஹைப்ரோமெல்லோஸாலேயே செய்ய முடியும் என்பது இன்று கடைகளில் கிடைக்கும் தாவரக் கூடுகளால் தெளிவு. கொன்றவன் வேறொருவனாயிற்றே என்னும் வாதத்தைக் குறளின் புலால் மறுத்தல் அதிகாரமே ஏற்பதில்லை. அது வாங்குவோனையும் கொலைக்குக் காரணமாக எண்ணுகிறது. சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரமோ அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதையே இம்சை என்று வரையறுக்கிறது. மாற்று இல்லாதபோது உயிர்காக்க உண்பவரிடம் அந்த அசட்டை இல்லை. ஆதலால் நோயாளி மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. மாற்று இருந்தும் எதனாலானது என்று கேளாமலிருப்பதே குற்றம்.

கேட்டாலும் விடை கிடைக்க வேண்டுமே! உணவுப் பொட்டலத்தில் கட்டாயமாகிவிட்ட சைவ, அசைவக் குறியை மருந்து அட்டையிலும் அச்சிடுதல் வேண்டும்.