திலகரின் பணமுடிப்பு

1916 ஜூலை 23. புனே நாராயண் பேட்டில் இன்று கேசரி வாடா என்று வழங்கும் காயக்வாட் வாடாவில் பாலகங்காதர திலகருக்கு அறுபதாண்டு நிறைவு விழா. மக்கள் திரட்டிய ஒரு லட்சம் ரூபாய் பணமுடிப்பை அவரிடம் கொடுத்தார்கள். அதே நாளில் போலீஸ் மூலம் மாஜிஸ்திரேட்டின் நோட்டீசும் வந்து சேர்ந்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்கு, நன்னடத்தை ஜாமீனாக 20,000 ரூபாய்க்கு அவரும், தலா 10,000 ரூபாய்க்கு வேறு இருவரும் ஏன் எழுதித் தரக் கூடாது என்று கேட்டது அந்த நோட்டீஸ். வழக்கு வாசலில் நிற்கிறது, கையில் லட்ச ரூபாய் இருக்கிறது. திலகர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் நாட்டு வேலைக்கு ஒப்படைத்தார். வழக்கில் அவருக்காக ஜின்னா வாதாடினார். நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் உத்தரவை ரத்து செய்தது.

கல்யாணமாகிப் புனே ராஸ்தா பேட்டுக்கு வந்த நான், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே முதலில் கற்றுத் தருவது, எந்த 'ஹெட்'டில் வந்த பணம் என்று பார்ப்பதைத்தான். கட்டடத்துக்கு ஒதுக்கியதை மேலிடத்து அனுமதியில்லாமல் வண்டி வாங்கச் செலவழிக்க முடியாது, வண்டி எத்தனை அவசியமானாலும். அந்தப் பழக்கத்தில்தான் திலகரின் அந்த நாளை நினைக்கிறேன். கொடுத்தவர்கள் எந்த நினைவோடு கொடுத்தார்களோ அந்த நினைவு பணத்தோடு கூடவே வருகிறது என்பது என் நம்பிக்கை. இதை நான் மத விஷயமாகவே பார்க்கிறேன்.

விநாயக சதுர்த்திக்கு முன்னால், தெருவில் விழா நடத்தும் மண்டல்காரப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு "காகூ, வர்கணி" (சித்தி, சந்தா) என்று படியேறுவார்கள். ஒரு வருஷம் எங்கள் பக்கத்து மண்டலின் அத்யக்ஷ் (தலைவர்) ஏதோ நிலத் தகராறில் கைதானார். விழாவில் மிச்சமான பணம் வக்கீலுக்குப் போயிற்று. நான் கேட்டதற்கு, "அவர் வெளியே வந்தால்தானே காகூ, அடுத்த வருஷம் கணபதி பப்பா உட்காருவார்?" என்றான் ஒரு பையன். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான்.

என் நாத்தனாருக்கு நான் கேட்டதே பிடிக்கவில்லை. "கொடுத்ததைத் திரும்பிப் பார்த்தால் புண்ணியம் போய்விடும் அண்ணி" என்றாள். பலனை எதிர்பார்க்காதே என்று கீதை வழியாகவும் பாட்டிகள் வழியாகவும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த உபதேசம் கொடுப்பவருக்குச் சொன்னது. என் பெயர் கல்வெட்டில் வேண்டாம், எனக்கு நன்றி வேண்டாம் என்று நான் விட்டுவிடலாம். அப்படி நான் விட்டது பிள்ளையாருக்குப் போகும் என்றுதான் விட்டேன். வாங்கியவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போக என் பற்றின்மையைச் சாக்காக்குவது எந்த தர்மத்திலும் சேராது. சிவன் சொத்து குல நாசம் என்று நம் ஊரில் பயந்தது எடுப்பவனை நினைத்துத்தான்.

கொடுப்பவரின் நோக்கத்தைப் பற்றி 2019 அயோத்தித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியிருக்கிறது. தெய்வத்துக்குச் சொத்து எழுதி வைத்தவர் இறந்துபோவார், விக்கிரகம்கூடச் சிதைந்துபோகலாம். சட்டம் ஓர் ஆளாக ஏற்றுக் காப்பது அவருடைய பக்தி நோக்கத்தை. கொடுத்தவரின் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை. கட்சிக்குப் பத்து ரூபாய் போடும் ஆட்டோக்காரரின் எண்ணத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடையாது?

அமெரிக்காவில் 2020 தேர்தலில் தோற்ற பிறகு, முடிவை எதிர்த்துப் போராட நிதி தாருங்கள் என்று டிரம்ப் தரப்பு ஆதரவாளர்களிடம் கேட்டது. பெரும்பகுதி அவருடைய 'சேவ் அமெரிக்கா' அமைப்புக்குப் போனது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2022இல் சொன்னது. 2023இல் மட்டும் அவர் சார்ந்த அமைப்புகள் வக்கீல்களுக்குச் சுமார் 5 கோடி டாலர் கொடுத்தன. அவர் வழக்குக்கு என்று தெரிந்தே அனுப்பியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வேறொன்றை நினைத்து ஓய்வூதியத்திலிருந்து அனுப்பியவர்களைப் பற்றித்தான் வருத்தம்.

நம்மிடமும் இப்படி ஒரு கேள்வி எழுந்தது. அருண் ஜேட்லி தொடுத்த அவதூறு வழக்கில், அப்போது டெல்லி முதல்வராக இருந்த கேஜ்ரிவாலுக்கு வாதாடிய ராம் ஜேத்மலானியின் கட்டணம் சுமார் 3.42 கோடியை டெல்லி அரசு தர வேண்டுமா என்று 2017இல் பெரிய சர்ச்சை. முதல்வராகப் பேசியதற்கு வந்த வழக்கு என்றது ஒரு தரப்பு, சொந்த வழக்கு என்றது மறு தரப்பு. இந்தக் கேள்வி நியாயமானது, எளிதும் அல்ல. பொறுப்பை நிறைவேற்றும்போது வந்த செலவை அறங்காவலர் அறக்கட்டளைப் பணத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவர் தன் சொந்தத் தப்புக்குப் பதில் சொல்லப்போகும் செலவை எடுக்க முடியாது. எது எந்தப் பக்கம் என்பதை வழக்கில் மாட்டியவரே முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி.

தலைவர் சிறைக்குப் போனால் இயக்கமே போய்விடுமே என்பார்கள். இருக்கலாம். அப்போதும் தனியே கேட்க வழி உண்டு. 1897இல் திலகர் மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது வங்காளத்தில் அவருடைய வழக்குக்கென்றே நிதி திரட்டினார்கள், தாகூரும் அதில் முனைந்தார். பிறகு ஆங்கிலேயப் பத்திரிகையாளர் வேலன்டைன் சிரோல் மேல் லண்டனில் திலகர் போட்ட மானநஷ்ட வழக்கு 1919 பிப்ரவரியில் தோற்றது. செலவு அவரை முறித்துப் போட்டது. அந்தச் சுமைக்கும் ஆதரவாளர்கள் தனியே நிதி திரட்டினார்கள். வழக்குக்கென்றே புதிதாகப் போய்க் கேட்டார்கள். இஷ்டமிருந்தவர்கள் கொடுத்தார்கள், மாட்டேன் என்று சொல்லவும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு இருந்தது.