ஆறு கார்களில் நாலாவது

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர், கிளம்புமுன் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நரேன் கார்த்திகேயன் நினைவுதான். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர், கோவைக்காரர்.

2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயம். சரிவான கடைசி வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஆறு. அதில் நரேன் நாலாவது, 5 புள்ளிகள். ஃபார்முலா 1-ல் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அவ்வளவே.

“ஆறு பேரில் நாலாவதுதானே?” என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. அந்த ஆறில் ஒருவராக வந்து நிற்க, ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டியிருந்தார் மனிதர்.