செங்கீரையும் மாவடுவும்

(தைத் திருவாதிரை, அரிவாட்டாய நாயனார் குருபூசையிலே, மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளின் சைவாசிரியர்களை நோக்கிச் செய்த பிரசங்கம்)



மலம் என்னும் சொல் நம்மவர் செவியிற் படுமாயின், ஆணவம் கன்மம் மாயை என்னும் மும்மலங்களே உடனே நினைவுக்கு வரும். அவற்றின் இலக்கணத்தை வகுப்பிலே பிழையறச் சொல்லுவோம். மாணாக்கரும் பிழையற ஒப்புவிப்பர். ஆயினும், அம்மாணாக்கனுடைய வயிற்றிலே நான்கு நாளாய்த் தங்கி அவனை வருத்துகின்ற மலத்தைக் குறித்துப் பேச நாணுகின்றோம். அந்நாணத்தை இன்று சிறிது நேரம் விலக்கி வைக்கும்படி உங்களை வேண்டிக்கொள்ளுகின்றேன். என்னை? இன்று குருபூசை கொண்டருளும் நாயனாருடைய திருச்சரிதம் உணவைப் பற்றிய சரிதமாதலின்.

சோழநாட்டிலே கணமங்கலத்திலே வேளாளர் குலத்திற் பிறந்த தாயனார், செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் சிவபெருமானுக்கு நாடோறும் திருவமுதாகக் கொடுத்து வந்தார். பெருமான் அவருடைய அன்பை உலகுக்குக் காட்டத் திருவுளங்கொண்டு, அவர் செல்வத்தை மாற்றினார். தாயனார் கூலிக்கு நெல்லரியப் போயினார். கூலியாய்க் கிடைத்த செந்நெல்லைச் சுவாமிக்கு வைத்து, கார்நெல்லைத் தாம் உண்டார். பின்னர் எங்கும் செந்நெல்லே கிடைக்க, அது முழுவதையும் திருவமுதுக்கு ஆக்கினார். மனைவியார் வீட்டுக் கொல்லையிலே கீரை பறித்துச் சமைத்து இட, அதனையே உண்டு பணி செய்தார். கீரையும் அற்றது; தண்ணீரே உணவாயிற்று. ஒருநாள் திருவமுதைச் சுமந்து செல்லும்போது பசியினாலே கால் தளர்ந்து வீழ்ந்தார். அரிசியும் கீரையும் மாவடுவும் நிலத்து வெடிப்பிலே சிந்தின. இனி யாது செய்வேன் என்று அரிவாளைக் கழுத்திற் பூட்டி அரியலுற்றார். அப்பொழுது அவ்வெடிப்பினின்றும் பெருமானுடைய திருக்கரம் எழுந்து அவர் கையைப் பிடித்தது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் உடன் எழுந்தது.

இச்சரிதத்தில் இரண்டினைக் கவனிமின். பெருமான் விரும்பி ஏற்றவை உரலிற் குற்றிய அரிசியும், ஒரு கீரையும், ஒரு பிஞ்சும். கூலியாளாகிய அடியாரை வறுமையிலே சில காலம் தாங்கியதும் கொல்லைக் கீரையே. நம்முடைய மலைநாட்டிலே கொழுந்தெடுப்பவரும் கூலியாளர்தாமே. அவர்களுடைய பிள்ளைகளின் உணவிலே இக்கீரையும் பிஞ்சும் உளவா என்பதே இன்று யான் உங்களிடம் கேட்கும் வினா.

இவ்வினா எனக்குத் தோன்றிய வரலாற்றைச் சொல்லுகின்றேன். அஃது எனக்குப் பெருமை தருவதன்று. பல வருஷங்களுக்கு முன்னர், யான் கற்பித்த ஒரு தோட்டப் பாடசாலையிலே, காலைப் பிரார்த்தனைவேளையில் ஒரு சிறுவன் நேரே நில்லாது குனிந்தும் நெளிந்தும் நின்றான். தேவாரம் பாடும்போது இவ்வாறு நிற்பது அவமரியாதை என்று கருதி அவன் கையிலே பிரம்பினால் அடித்தேன். அன்று மாலை அவன் தாய், கொழுந்துக் கூடையின் கயிற்றுத்தழும்பு நெற்றியினின்றும் மறையாமுன்னே, பாடசாலை வாயிலில் வந்து நின்றாள். "ஐயா, புள்ள நாலு நாளா வெளிக்குப் போகலைங்க. வயித்த வலிச்சா எப்படிங்க நேரா நிப்பான்?" என்றாள். என்ன உண்கிறான் என்று கேட்டேன். "காலையிலும் ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, ராவைக்கும் ரொட்டிதானுங்க, சம்பலும் சாயத்தண்ணியும்" என்றாள். யான் மறுமொழி கூற அறியாது நின்றேன். அடித்த அடியை மீட்டல் கூடாது. அடிக்குக் காரணமான அறியாமையை நீக்குதல் கூடும் அன்றோ? அன்றுதொட்டு இவ்விஷயத்தை விசாரித்து வருகின்றேன்.

கோதுமை மா இம்மக்களுக்கு உரிய பழைய உணவன்று. இவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டினின்றும் வந்தபோது சோறும் கேழ்வரகும் அறிந்தவர்கள். தோட்டங்களிலே அரிசியே கொடுக்கப்பட்டு வந்தது. 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோய், பங்கீட்டிலே கோதுமை மா இடம்பெற்றது. யுத்தம் முடிந்தும் மா நீங்கவில்லை. விரைவிலே சுடலாம், மலைக்குக் கொண்டு போகலாம், நெடுநேரம் பசி தாங்கும். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடும் தாய்க்கு இதனினும் எளிய உணவு யாது? பசியைத் தீர்த்த மாவை யான் இகழேன். அத்தாயை ஒருபோதும் இகழேன். குறை எங்கே உள்ளது என்பதை மாத்திரம் காட்டுவேன்.

கோதுமை மணியின் தவிட்டையும் முளையையும் நீக்கி வெண்மையாக்கிய மாவிலே, 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்தே எஞ்சும். தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவிலோ ஏறக்குறைய 11 கிராம் உண்டு. நார்ச்சத்து என்பது தாவர உணவிலே நம்முடைய சீரணநீர்களாற் கரைக்கப்படாத பகுதி. கரைக்கப்படாதது வீண் என்று எண்ணற்க. அதில் ஒரு பகுதி நீரைப் பற்றிக்கொண்டு மலத்தை இளக்கிப் பெருக்கி, குடல் அதனைத் தள்ளுதற்கு உதவும். மற்றொரு பகுதி கூழ்போலாகி, சீனி இரத்தத்திற் கலக்கும் வேகத்தைத் தணிக்கும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாரின் ஒரு பங்கைப் புளிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கே உணவாகும் அமிலங்களை உண்டாக்கும். நாரும் நீரும் குறைந்தால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குமென்று பிள்ளை அடக்குவான், அடக்கினால் மேலும் இறுகும். யான் பிரம்பெடுத்தது இச்சுழலிற் சிக்கிய ஒரு பிள்ளைமேல்.

உலக சுகாதார தாபனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, 6 முதல் 9 வயதுவரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 21 கிராம் நார்ச்சத்தும் 350 கிராம் காய்கனிகளும், 10 வயதுக்கு மேற்பட்டோர்க்கு 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கனிகளும் குறைந்த அளவாய் வேண்டும். கணக்குச் செய்து பாருங்கள். மூன்று வேளையிலும் 300 கிராம் வெள்ளை மா உண்ணும் சிறுவன் பெறுவது 9 கிராம். சம்பலின் தேங்காயாற் சிறிது கூடும். அதனோடு அவித்த கொண்டைக்கடலை 100 கிராம் சேர்ப்பின் 7 கிராம். கரட் 100 கிராமுக்கு 3 கிராம். கொய்யாப்பழம் 100 கிராமுக்கு 5 கிராம். இப்பொழுது 24 ஆயிற்று. இக்கணக்கை எண்கணித பாடமாகவே வகுப்பிற் செய்விக்கலாம்.

இதனை எடுத்துச் சொன்னவர் பிறசமயத்தார் ஆயினும் தள்ளற்க. உகண்டா நாட்டிலே பல்லாண்டு சத்திரவைத்தியராய் இருந்த டெனிஸ் பேர்க்கிற் என்பவர் உறுதியான கிறிஸ்தவர். நார் மிகுந்த உணவை உண்ணும் கிராமத்தாருக்கு மலம் இளகி விரைந்து கழிதலையும், தவிடு நீக்கிய மாவை உண்ணும் மேல்நாட்டார் மலச்சிக்கலால் வருந்துதலையும் ஒப்பிட்டு, 1970 களிலே உலகுக்கு எடுத்துரைத்தார். அவருக்கு முன்னரே, நம்முடைய மலைகளைப் போலத் தேயிலை விளையும் நீலகிரிக் குன்னூரிலே, றொபேட் மக்கரிசன் என்னும் வைத்தியர் எலிகளுக்குப் பற்பல மக்களின் உணவுகளை ஊட்டிச் சோதித்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் பெற்ற எலிகள் செழித்தன. வெள்ளைப்பாணும் மார்கரினும் சீனியிட்ட தேத்தண்ணீரும் முதலாக, இங்கிலாந்தின் ஏழைகள் உண்பனவற்றைப் பெற்ற எலிகள் குன்றி நோயுற்றன. நார் ஒன்றே காரணம் என்னல் ஆகாது. பிற சத்துக்களும் குறைந்தன. ஆயினும் வெண்மாவும் சீனித் தேத்தண்ணீரும் நமக்கு அறிமுகமானவை அல்லவா? யானும் மிஷனாரிமார் தாபித்த பாடசாலையிலே கற்றவன். அங்கே ஓர் ஆசிரியர் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஒரு பாத்தி கொடுத்து முள்ளங்கி விளைவிக்கச் செய்தார். அவருடைய சமயத்தை யான் ஏற்கவில்லை. அவருடைய பாத்தியை இன்றும் மறந்திலேன்.

மெய் எங்கிருந்து வரினும், நம்முடைய நூல்கள் அதற்கு மாறாகா. இறைவன் ஆன்மாக்களுக்குத் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தது மலநீக்கத்தின் பொருட்டென்பது சித்தாந்தம். தனுவைக் காத்தல் இறைவன் கொடுத்த கருவியைக் காத்தலாம். திருமூல நாயனாரும் உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் இறைவனுடைய கோயிலென்று கண்டு ஓம்பினார். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுதலையே முதல் மருந்தாய் வைத்தார். புலால் மறுத்தல் சைவ உணவுக்கு அடிப்படை. ஆயின் புலால் நீக்கிய அளவிலே உணவு நிறைவுறாது. வெள்ளை ரொட்டியும் சீனியும் புலாலற்றவையே. நீக்கிய இடத்திலே எதனைச் சேர்த்தோம் என்பதும் வினவத்தக்கது.

இனி ஒரு தடை எழும். "கூலி போதாத வீட்டிலே கீரைக்கும் பழத்துக்கும் எங்கே போவது?" என்பீர்கள். நியாயமான தடையே. நுவரெலியாவிலே விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீற்றூட்டும் லொறி லொறியாய்க் கொழும்புக்குப் போகின்றன; அவ்வழியிலேயே குடியிருக்கும் பிள்ளை ரொட்டியும் சம்பலும் உண்கின்றது. கூலி உயர்தல் வேண்டும். அதனை மறைத்து வறியவருக்குக் கீரையை உபதேசித்தல் அறமன்று. ஆயினும் அதுவரையிற் செய்யத்தக்கனவும் உள. லயத்தின் ஓரத்திலே ஒரு சவ்சவ் கொடி பந்தரேறினாற் காயும் தளிரும் தரும். பீற்றூட்டிலையும், முள்ளங்கியிலையும், வற்றாளைக் கொழுந்தும், பூசணித் தளிரும் நல்ல கறிகளே. நாம் அவற்றை எறிந்துவிடுகின்றோம். மாவிலே ஒரு பங்கு ஆட்டாவோ குரக்கனோ கலத்தல் கூடும். மருந்து தெளித்த மரக்கறித் தோட்டத்திலும், களைகொல்லி தெளித்த தேயிலை மலையிலும் கீரை பறிக்கலாகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நார் கூட்டுங்கால் நாளுக்கு நாள் சிறிது சிறிதாய்க் கூட்டி, நீரும் கூட்டுதல் வேண்டும்; இல்லையேல் வயிறு பொருமும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தலைத் தவிர்த்துச் சிறிது நேரம் கழித்துக் குடித்தல் நன்று. அது கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். மலத்திலே இரத்தம், ஓயாத வலி, வாந்தி என்பன காணின், கீரையை நம்பி இருந்துவிடாது வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இன்னும் ஒன்று. மலையிலே ஒதுங்க இடமில்லாமையால் நாள் முழுதும் தண்ணீர் குடியாதிருக்கும் பெண்கள் பலர். பாடசாலையிலும் கழிப்பறை அசுத்தமாயின் பிள்ளைகள் அவ்வாறே அடக்குவர். பிள்ளை "வெளியே போக உத்தரவு" கேட்கும்போது நாம் முகஞ்சுளித்தால், நாம் சொன்ன சுகாதார பாடத்தை நாமே அழித்தவர்களாவோம். கழிப்பறையைத் துப்புரவாக வைத்தலும் சைவாசிரியர் கடமையென்று யான் துணிந்து சொல்லுவேன்.

இறுதியாய் நம்மையே ஒரு கேள்வி கேட்போம். சென்ற வருஷம் இதே குருபூசையிலே பிள்ளைகளுக்கு யாம் கொடுத்தது யாது? பணிஸும் சீனித் தேத்தண்ணீரும். செங்கீரையும் மாவடுவும் கொடுத்த அடியாரைப் பாடிவிட்டு, வெண்மாவையும் சீனியையும் பகிர்ந்தோம். அதனை ஏற்பாடு செய்தவன் யானே. இவ்வருஷம் உங்கள் முன்னிலையில் அதனை மாற்றுகின்றேன். வெளியே இலைகள் போட்டிருக்கின்றன: தீட்டாத சிவப்பரிசிச் சோறு, கீரைக் கடையல், அவித்த கடலை, ஒரு வாழைப்பழம். பிள்ளைகள் முதலில் உண்ணட்டும். அவர்களுக்குப் பரிமாறிய பின்னர் நாம் உண்போம். நாயனார் பசித்திருந்து பெருமானுக்கு ஊட்டினார். அவ்வன்பு நமக்கு எட்டாதது. ஆயின் பசித்த பிள்ளைக்கு இடும் கீரையும் அப்பெருமானிடத்தே சேரும் என்பதில் ஐயம் இல்லை.

நீங்கள் உங்கள் பாடசாலைகளுக்குத் திரும்பியபின் ஒரு பாத்தி வெட்டுங்கள். நாளைக் காலைப் பிரார்த்தனையிலே எந்தப் பிள்ளையாயினும் குனிந்து நின்றால், முதலில் அருகே சென்று, "தம்பி, வயிறு நோகிறதா?" என்று கேளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.