எகிப்துக்குப் போன குடும்பம்



சம்மனசானவர் கனவில் கட்டளையிட்ட அந்த இரவிலேயே அர்ச். சூசையப்பர் எழுந்து, திவ்விய பாலனையும் அவருடைய தாயாரையும் கூட்டிக்கொண்டு எகிப்து தேசத்துக்குப் புறப்பட்டார். அங்கே அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், சூசையப்பருக்கு யார் வேலை கொடுத்தார்கள், அந்நிய பாஷையில் எப்படிப் பேசிச் சமாளித்தார்கள் என்று சுவிசேஷம் ஒன்றும் சொல்லவில்லை. பிழைப்புக்காகப் பிறதேசம் போன குடும்பங்களுக்கோ அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாடு விட்டு நாடு போகிற குடும்பங்களுக்கெல்லாம் எகிப்தில் வாழ்ந்த இந்தத் திருக்குடும்பமே மாதிரியும் ஆதரவும் என்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1952-ம் ஆண்டில் எழுதிய நிருபத்தில் போதித்தார்.

அப்படிப் புறப்பட்ட குடும்பங்கள் பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஏராளம். அது ஆசியாவிலே கத்தோலிக்கர் மிகுந்த தேசம். 1906-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 15 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவில் போய் இறங்கினார்கள். 1974-ம் ஆண்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசாங்கமே சட்டமாக்கி நடத்தத் தொடங்கியது. தாதிமாராகவும், கப்பல் சிப்பந்திகளாகவும், வீட்டு வேலைக்காரராகவும் பல லட்சம் பேர் போனார்கள். 2023-ம் ஆண்டில் மட்டும் அவர்கள் வங்கிகள் வழியாக ஊருக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். அதனால் ஓட்டை வீடு நல்ல வீடாயிற்று. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். நோயாளிக்கு மருந்து கிடைத்தது. இதை அற்பமென்று நாம் சொல்லலாகாது.

ஆனால் இதற்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை என்ன? கனடா தேசத்தை எடுத்துக்கொள்வோம். 1992 முதல் 2014 வரை அங்கே ஓர் ஏற்பாடு நடந்தது. குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்க வருகிறவள் எஜமானர் வீட்டிலேயே தங்கி 24 மாதம் வேலை செய்யவேண்டும்; அதன் பிறகுதான் நிரந்தரமாகக் குடியிருக்கவும், தன் குடும்பத்தை வரவழைக்கவும் மனுச் செய்யலாம். அப்படிப் போனவர்களில் மிகுதியானவர்கள் பிலிப்பைன்ஸ் தாய்மார்கள். மனுவுக்குப் பதில் வர இன்னும் சில வருஷங்கள் கழியும். அதுவரை அந்தத் தாய் பிறர் பிள்ளைக்குத் தலை வாரி, பிறர் பிள்ளைக்குச் சோறூட்டினாள்; அவள் பிள்ளையோ பாட்டியிடம் வளர்ந்தது. சட்டை, பாதரட்சை, சவுக்காரம், மிட்டாய் எல்லாம் ஒரு பெரிய பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்பினாள். பிள்ளையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நிச்சயமாய்த் தெரியாமலே பாதரட்சை வாங்கினாள்.

கடைசியில் குடும்பம் ஒன்றுசேருகிற நாள் வருகிறது. கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அப்போதுதான் வேறொரு கஷ்டம் தலையெடுக்கிறது. விட்டுப்போனபோது ஐந்து வயதான பிள்ளை இப்போது பன்னிரண்டு வயதில் எதிரே நிற்கிறது. அதற்குத் தாயின் முகம் தெரியும், குணம் தெரியாது. பாட்டியை விட்டுவந்த துக்கமும் அதற்கு உண்டு. ஊரில் உபாத்தியாயராயிருந்த தகப்பன் இங்கே இரவில் தரை துடைக்கிறான். தாய் இரண்டு வேலைக்குப் போகிறாள். ஒரே வீட்டிலிருந்தும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. "உனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்" என்கிறாள் தாய். "என்னை ஏன் விட்டுப் போனாய்?" என்கிறது பிள்ளை. இரண்டும் உண்மைதான்.

பிரியமானவர்களே, சேசுநாதரும் பன்னிரண்டு வயதில் காணாமற் போனார். தேவமாதாவும் சூசையப்பரும் மூன்று நாள் வியாகுலத்தோடு தேடி, தேவாலயத்தில் அவரைக் கண்டடைந்தார்கள். கண்டடைந்த பிறகும் அவர் சொன்ன வார்த்தை அவர்களுக்கு விளங்கவில்லை என்று அர்ச். லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார். அதற்காக அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தாயார் யாவற்றையும் தம் இருதயத்தில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையோ அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். பிரிந்தவர்கள் விமான நிலையத்தில் சந்தித்த உடனே குடும்பம் சேர்ந்துவிடாது. கண்டடைந்த பின்னும் பொறுமையோடு ஒருவரையொருவர் தேடவேண்டும்.

அந்தத் தேடுதலுக்குப் பலம் எங்கே கிடைக்கும்? ஹாங்காங்கில் வேலைக்கிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் வாரத்தில் தங்களுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வுநாளில் அர்ச். சூசையப்பர் ஆலயத்தில் கூட்டங்கூட்டமாய்த் திவ்விய பூசை காண்கிறார்கள். துபாய் பட்டணத்து அர்ச். மரியம்மாள் ஆலயத்தில் தகாலோக் பாஷையிலும் தமிழிலும் பூசை நடக்கிறது. அவர்களும் நம்மவர்களும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறார்கள். கிறிஸ்மஸுக்கு முன் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை காணும் தங்கள் வழக்கத்தை அவர்கள் போகிற தேசமெல்லாம் கொண்டுபோகிறார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் ரோமாபுரியில் அவர்களுக்காக அந்தப் பூசையை நிறைவேற்றி, அவர்களுடைய விசுவாசத்தைப் புகழ்ந்தார். அவர்களுடைய முதல் அர்ச்சியசிஷ்டவரான லொரென்சோ ரூயிஸ் என்பவரும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் மணிலாவில் விட்டு 1636-ல் ஜப்பானுக்குப் போனவரே. மறு வருஷம் நாகசாகியில் வேதசாட்சியாய் மரித்தார். பிள்ளைகளின் முகத்தை மறுபடி காணாமலே உயிர்விட்ட அந்தத் தகப்பன், பிரிந்து வாழும் தகப்பன்மாருக்காகப் பரலோகத்தில் மன்றாடுகிறார்.

ஆகையால் குடும்பத்தில் ஒருவர் தூரதேசத்திலிருந்தால் மூன்று காரியங்களை மறவாதேயுங்கள். வருகிற பணத்தை அவருடைய வியர்வையென்று எண்ணி, வீண் ஆடம்பரத்தில் கரைக்காதேயுங்கள். இரவு ஜெபமாலையில் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் வேண்டிக்கொள்ளட்டும். ஜெபத்தில் நாள்தோறும் சொல்லப்படுகிறவர் வீட்டுக்கு அந்நியராய்ப் போகமாட்டார். அவர் திரும்பி வரும்போது பெட்டியைத் திறக்குமுன் அவருடைய மனதைத் திறக்க இடங்கொடுங்கள். என்ன கொண்டுவந்தாய் என்று கேட்குமுன், எப்படியிருந்தாய் என்று கேளுங்கள். பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வந்த அந்நியர் வாசலில் நின்றால், எகிப்தில் சூசையப்பருக்குக் கதவு திறந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேசு, மரி, சூசை என்னும் திருநாமங்கள் பிரிந்திருக்கிற குடும்பங்களை ஒன்றுசேர்த்து, ஒன்றுசேர்ந்த குடும்பங்களைச் சமாதானத்தில் காப்பதாக. ஆமென்.